மூன்றாம் பத்தியில் இரண்டு வார்த்தை

ஓசூர் பைரப்பா லேஅவுட்டில் அருள்மேரி வீடு எது என்று கேட்டால் தபால்காரரே கொஞ்சம் யோசிப்பார். மாவு அக்கா என்று கேட்டுப் பாருங்கள். தமிழில் ஒருவர், கன்னடத்தில் ஒருவர், தெலுங்கில் ஒருவர் என்று மூன்று பேர் வழி சொல்வார்கள். நாலாவது ஆள் வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்து கடை முன்னாலேயே இறக்கிவிட்டுப் போவார். ஐம்பத்திரண்டு வயதுக்குள் அப்படி ஒரு பேர் எடுத்திருக்கிறாள்.

கடை ஒன்றும் பெரிதில்லை. ஒரு ஷட்டர், உள்ளே இரண்டு கிரைண்டர், நாலு எவர்சில்வர் டிரம், சுவரில் மாதா படம். விற்பது இட்லி மாவு ஒன்றுதான். ஆனால் அவள் விற்கிற விதம் வேறு யாருக்கும் வராது. பாத்திரத்தை நீட்டினால் எவ்வளவு என்று கேட்கமாட்டாள், எந்த ஷிஃப்ட் என்றுதான் கேட்பாள். கம்பெனியில் மூன்றாம் ஷிஃப்ட் முடித்துக் காலையில் திரும்புகிற பெண்கள் ரூமுக்குப் போனதும் இரண்டு தோசை ஊற்றித் தின்றுவிட்டுப் படுக்கிறவர்கள், அவர்களுக்கு நன்றாகப் புளித்த மாவு. இரண்டாம் ஷிஃப்ட்காரி மதியம்தான் அடுப்பு பற்றவைப்பாள், அவளுக்குப் பாதி புளித்தது. முதல் ஷிஃப்ட் என்றால் அன்றைக்கு அரைத்தது, மறுநாள் விடியற்காலைக்குச் சரியாக இருக்கும். இந்தக் கணக்கை அவளுக்கு யாரும் சொல்லித்தரவில்லை. மாவு புளித்துவிட்டது என்று ஒரு பெண் அழுதுகொண்டு வந்து நின்ற நாளில் அவளே கண்டுபிடித்தது.

பிறந்தது ஊத்தங்கரை பக்கம். டர்னர் வேலை பார்த்த பிரகாசத்தைக் கட்டிக்கொண்டு இருபத்து மூன்று வயதில் ஓசூருக்கு வந்தாள். திருமலை என்பவரின் லைன் வீடுகளில் ஒன்றில் குடித்தனம். இந்த லேஅவுட் முழுக்க ஒரு காலத்தில் கேழ்வரகு விளைந்த நிலம், திருமலையின் அப்பா பைரப்பாவுக்குச் சொந்தம். மகள் ஃபெபாவுக்கு ஒன்பது வயதாக இருக்கும்போது, ஒரு மதியம் கம்பெனி கேன்டீனில் சாப்பிட்டுக் கை கழுவப் போன பிரகாசம் அப்படியே சாய்ந்தார். மாரடைப்பு. முப்பதாம் நாள் பூசை முடிந்த மறுநாள் அருள்மேரி பாத்திரங்களைக் கோணியில் கட்டிக்கொண்டிருந்தாள். வாடகைக்கு விட்டவர் வாசலில் வந்து நின்றார்.

"எங்கம்மா கெளம்பிட்ட?"

"ஊத்தங்கரைக்குங்கண்ணா. தம்பி வீட்டுக்கு."

"அங்க போயி என்ன பண்ணுவ?"

"போயித்தாங்கண்ணா பாக்கணும்."

"பாக்கறத இங்கயே இருந்து பாரு," என்றார் திருமலை.

அடுத்த வாரம் தெருவைப் பார்த்திருந்த தன் தானிய அறையின் சுவரை ஆள் வைத்து இடித்தார். மூட்டைகளை மாட்டுக்கொட்டகைக்கு மாற்றிவிட்டு அந்த இடத்தில் ஷட்டர் போட்டுக் கொடுத்தார். அவர் மனைவி சுஜாதா தன் சமையலறை கிரைண்டரையே தூக்கிவந்து வைத்தாள். அதற்குப் பிறகு ஆறு மாதம் அந்த வீட்டுக்கு மாவு இந்தக் கடையிலிருந்துதான் போனது. ஃபெபா படித்தது, லேப் டெக்னீசியன் ஆனது, கல்யாணமாகிக் கிருஷ்ணகிரியில் குடியிருப்பது எல்லாம் இந்த ஷட்டருக்குள்ளிருந்து வந்ததுதான். அருள்மேரி இதை ஒரு நாளும் மறந்ததில்லை. ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போனால் மாதா முன்னால் இரண்டு மெழுகுவர்த்தி ஏற்றுவாள், ஒன்று பிரகாசத்துக்கு, இன்னொன்று திருமலைக்கு. கோயிலில் மெழுகுவர்த்தி விற்கிற கிழவர், உயிரோடு இருக்கிற பெருமாள் பக்தருக்கு இங்கே எதற்கம்மா மெழுகுவர்த்தி என்று கிண்டல் செய்வார். நான் சொன்னால் மாதா கேட்பாள், உங்களுக்கு என்ன கஷ்டம் என்று வாயை அடைத்துவிடுவாள்.

பதினேழு வருஷம் இப்படிப் போனது. பிறகு திருமலை முனையிலிருந்த காலி மனையில் மூன்று மாடிக் கட்டடம் எழுப்பினார். பேங்க் வருகிறது என்றார்கள், ஆஸ்பத்திரி என்றார்கள். கடைசியில் கண்ணாடிக் கதவும் குளிர்பெட்டிகளுமாக வந்து இறங்கியது ஒரு சூப்பர் மார்க்கெட். அரிசி, பருப்பு, காய்கறி, பால், பாக்கெட்டில் அடைத்த இட்லி மாவு, எல்லாம் ஒரே கூரைக்குள். திறப்பதற்கு முன்பே லேஅவுட்டின் கடைக்காரர்களுக்கு வயிற்றைக் கலக்கியது. கலக்காதா பின்னே?

சிறுவணிகர் சங்கம் கூடியது. சங்கத் தலைவர் காய்கறிக் கடை முனிவேல். நல்ல மனிதர், கோபம் மட்டும் மூக்கின் நுனியில் உட்கார்ந்திருக்கும். அவருடைய வெங்காய கோடவுனில் மூட்டைகள்மேல் உட்கார்ந்து முப்பத்தோரு பேரும் ஒரே நேரத்தில் பேசினார்கள், அதுவும் மூன்று மொழியில். முடிவில், கிருஷ்ணகிரியில் திங்கட்கிழமை நடக்கும் குறைதீர்க்கும் நாளில் மனுக் கொடுப்பது என்று தீர்மானமானது. மனுவை முன்னால் நின்று கொடுக்க வேண்டியது அருள்மேரி. புருஷன் இல்லாத பெண், மாவரைத்துப் பிழைக்கிறவள், பார்த்தால் அதிகாரி மனசு இளகும் என்பது முனிவேல் போட்ட திட்டம். அதை அவள் முகத்துக்கு நேராகவே சொன்னார். அவளும் தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை.

மனுவைப் படித்தபோதுதான் சிக்கல் தெரிந்தது. முதல் இரண்டு பத்தியில் கடைக்காரர்களின் கஷ்டம் இருந்தது, எல்லாம் உண்மை. மூன்றாம் பத்தி, 'பேராசை பிடித்த கட்டட உரிமையாளர் திருமலை' என்று ஆரம்பித்தது.

கையெழுத்துப் போடாவிட்டால் தெரு அவளை விட்டுவிடும். இவர்களோடுதான் பதினேழு வருஷம் ஒரே தண்ணீர் லாரிக்குக் குடம் வைத்திருக்கிறாள். போட்டால், சுவரை இடித்துக் கொடுத்த மனுஷனைப் பேராசைக்காரன் என்று அரசாங்கத்துக்கே எழுதிக் கொடுத்ததாகும். தவிர, கடை அவருடையது. பதினொரு மாதத்துக்கு ஒரு முறை எழுதுகிற ஒப்பந்தம் அந்த ஏப்ரலோடு முடிகிறது. அவர் காலி செய் என்றால் ஒரு வார்த்தை எதிர்த்துச் சொல்ல அவளுக்கு உரிமையில்லை. ஃபெபாவிடம் போனில் சொன்னாள். இந்தச் சண்டைக்குள் எதற்கம்மா, பேசாமல் இங்கே வந்துவிடு என்றாள் மகள். மகள் வீடு நல்ல வீடுதான், மருமகனும் தங்கமானவன். ஆனால் அங்கே போனால் அவள் விருந்தாளி, இங்கேதான் மாவு அக்கா.

மறுநாள் மாலை கையை அலம்பிக்கொண்டு நேராகத் திருமலை வீட்டுக்குப் போனாள். அவர் முற்றத்தில் நின்று மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தார்.

"அண்ணா, சூப்பர் மார்க்கெட் வேணாம்னு சங்கத்துல மனு குடுக்கறாங்க. நானும் கையெழுத்து போடப் போறேன். எனக்குச் சோறு போட்டவரு நீங்க. முதுகுக்குப் பின்னாடி போடக் கூடாதுன்னு சொல்லிட்டுப் போக வந்தேன்."

திருமலை சந்தோஷமாக இருந்தால் தமிழில் பேசுவார். மனசு சரியில்லை என்றால் வீட்டுக் கன்னடம் வந்துவிடும். "ஆய்த்து, பிடு," என்றார். சரி, விடு என்று அர்த்தம். வாளியைக் கவிழ்த்து வைத்துவிட்டு உள்ளே போனார். உட்கார் என்றுகூட சொல்லவில்லை. பதினேழு வருஷத்தில் அந்த வீட்டில் காபி குடிக்காமல் அவள் திரும்பியது அன்றைக்குத்தான்.

ஞாயிறு சாயங்காலம் முனிவேல் மனுவைக் கொண்டுவந்து நீட்டினார். அருள்மேரி பேனாவை வாங்கினாள். மூன்றாம் பத்திக்குப் போய் 'பேராசை பிடித்த' என்ற இரண்டு வார்த்தையையும் அழுத்தி அடித்தாள். அதற்குப் பிறகுதான் அடியில் கையெழுத்துப் போட்டாள். முனிவேலுக்கு முகம் கறுத்துவிட்டது. மறுபடி டைப் அடிக்கக் கடை திறந்திருக்கவில்லை. காலை பஸ்ஸைப் பிடிக்கவேண்டும். அடித்தது அடித்தபடியே மனு கிருஷ்ணகிரிக்குப் போனது.

பதினோரு பேர் போனார்கள். வரிசையில் நின்று பதிவு செய்து, டோக்கன் வாங்கி, மின்விசிறிக்குக் கீழே இடம் பிடித்து உட்கார்ந்தார்கள். கூப்பிட்டபோது மேசைக்குப் பின்னால் இருந்தது ஒரு பெண் அதிகாரி. மனுவை மேலிருந்து கீழே ஒரு ஓட்டம் பார்த்தவர் மூன்றாம் பத்தியில் நின்றுவிட்டார். இதில் என்ன அடித்திருக்கிறது, யார் அடித்தது என்று கேட்டார். முனிவேல் தரையைப் பார்த்தார்.

"நான்தாங்க மேடம்," என்றாள் அருள்மேரி. "அவரு ஆசப்பட்டாரா, பேராசப்பட்டாரான்னு எனக்குத் தெரியாதுங்க. எம் வூட்டுக்காரரு செத்தப்ப சொவத்த இடிச்சு எனக்குக் கடை வச்சுக் குடுத்தாரு. அது தெரியும்."

அதிகாரி பேனாவைக் கீழே வைத்தார். அப்படியென்றால் உங்களுக்கு அந்த சூப்பர் மார்க்கெட்மேல் குறை இல்லையா, பிறகு எதற்குக் கையெழுத்து என்று கேட்டார்.

"இருக்குதுங்க மேடம். அந்தக் கடை வந்தா எங்க எல்லாருக்கும் யாவாரம் படுத்துரும், அது நெசம். நிறுத்த முடியுமான்னு நீங்க பாருங்க. முடியலன்னா, கதவு மட்டும் எங்க தெருப் பக்கம் வேணாங்க. எங்க முக்குலதான் கம்பெனி பஸ்ஸு திரும்பும். சரக்கு லாரி அங்க நின்னா பஸ்ஸு உள்ள வராது. அஞ்சே கால் ஷிஃப்ட்டுக்குப் போற பொண்ணுங்க இருட்டுல ஹைவே வரைக்கும் நடக்கணும். எத்தன பொண்ணுங்க தெரியுங்களா? எங்கிட்ட மாவு வாங்கறவங்களே நூத்துக்கு மேல."

அதிகாரி மனுவின் ஓரத்தில் எதையோ எழுதினார். திரும்பி வரும்போது பஸ்ஸில் சூளகிரி தாண்டும்வரை யாரும் அவளோடு பேசவில்லை. அப்புறம் முனிவேல் முன் சீட்டிலிருந்து திரும்பாமலே சொன்னார், கடையை நிறுத்தச் சொல்லப் போனோம், கதவை மாற்றச் சொல்லிவிட்டு வருகிறோம் என்று. அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது.

சொன்னபடியேதான் நடந்தது. அதிகாரி அனுப்பிய இரண்டு பேர் வந்து டேப் பிடித்து அளந்தார்கள். கடைக்குத் தடை இல்லை, வாசலும் சரக்கு இறக்குவதும் சர்வீஸ் ரோடு பக்கம் இருக்கவேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனார்கள். எழுத்து மூலம் உத்தரவு வர இன்னும் நாளாகும். வழக்குப் போடலாம், இழுத்தடிக்கலாம், திருமலைக்கு அந்தச் செல்வாக்கு உண்டு. அவரோ அந்த வாரமே ஆளைக் கூப்பிட்டு, போட்ட கண்ணாடிக் கதவைக் கழற்றிச் சர்வீஸ் ரோடு பக்கம் மாற்றி, தெருப் பக்கம் செங்கல் வைத்து அடைத்துவிட்டார். அருள்மேரி கடையில் நின்றபடி அதைப் பார்த்தாள். போய் நன்றி சொல்ல வேண்டும் என்று கால் பரபரத்தது. ஆனால் அவர் இவள் கடைப் பக்கம் திரும்பவே இல்லை. மே மாதம் பிறந்தது. ஒவ்வொரு தடவையும் முதல் வாரத்திலேயே வந்துவிடுகிற புது ஒப்பந்தத் தாள் வரவில்லை. இரண்டாம் வாரமும் வரவில்லை. தெருவும் பேசவில்லை, கடையின் சொந்தக்காரரும் பேசவில்லை, அவளிடம் பேசியது கிரைண்டர் மட்டும்தான்.

இந்த நேரத்தில் சங்கம் ஒரு காரியம் செய்தது. சூப்பர் மார்க்கெட் திறக்கிற நாளில் லேஅவுட் முழுக்கக் கடையடைப்பு, முனையில் பந்தல் போட்டு உண்ணாமல் உட்காருவது என்று முடிவெடுத்தது. எல்லாக் கடையையும் அடைத்துவிட்டால் ஜனங்கள் பாலுக்கு எங்கே போவார்கள் என்று முப்பத்தோரு பேரில் ஒருவருக்கும் தோன்றவில்லை. முடிவை அறிவித்ததோ முதல் நாள் மாலை ஏழு மணிக்கு. அருள்மேரி காலையிலேயே அரிசி ஊறப்போட்டு, அரைத்து, நாலு டிரம்மையும் நிரப்பியிருந்தாள். மே மாத மாவு சங்கத் தீர்மானத்துக்குக் கட்டுப்படுமா? மறுநாள் மதியம் தாண்டினால் வாயில் வைக்க முடியாது. முனிவேலிடம் போய்க் கேட்டாள். நாளைக்கு யார் கடையில் விற்றாலும் அவர் சங்கத்தில் இல்லை என்று சொல்லிவிட்டார்.

காலையில் அவள் ஷட்டரைத் திறக்கவில்லை. டிரம்களை வெளியே இழுத்து ஷட்டருக்கு முன்னால் வரிசையாக வைத்தாள். வந்தவர்களிடம் வழக்கம்போல எந்த ஷிஃப்ட் என்று கேட்டு, பாத்திரம் நிறைய ஊற்றி, போய் வா என்றாள். விற்கக் கூடாது என்றுதானே தீர்மானம், கொடுக்கக் கூடாது என்று யாரும் எழுதவில்லையே. முனிவேல் பந்தலிலிருந்து பார்த்துவிட்டுத் தலையைச் சொறிந்தார். ஒன்பது மணிக்குள் லேஅவுட்டில் பாதிப் பேர் பால் வாங்கச் சூப்பர் மார்க்கெட்டில் இருந்தார்கள். முனிவேல் வீட்டுத் தேங்காயே அன்றைக்கு அங்கிருந்துதான் வந்தது என்று பின்னால் தெரிந்தது. கடைக்காரர்களே கூட்டம் சேர்த்துத் தந்த திறப்பு விழா ஓசூரில் அதுவாகத்தான் இருக்கும்.

மூன்றாம் ஷிஃப்ட் முடித்து வந்த சிங்காரப்பேட்டைப் பெண் யுவஸ்ரீ தூக்கு நிறைந்ததும் அதை வாங்காமல் அருள்மேரியின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அக்கா, பஸ்ஸு நம்ம முக்கு வரைக்கும் வருது. நீங்க பேசினதாலதான்னு எங்க ரூம்ல எல்லாரும் சொல்றாங்க."

அருள்மேரிக்குக் கண் கலங்கிவிட்டது. ஒரு மாதமாக யாரும் அவளிடம் இப்படி நின்று பேசவில்லை. "நான் வாயால சொன்னேன், அவ்ளோதான். போட்ட கதவ எடுத்து மாத்துனவரு அவரு. அவருக்குச் சொல்லு," என்றாள்.

பதினோரு மணிக்குப் பந்தலில் எட்டுப் பேருக்குத் தலை சுற்றியது. டீக்கடையும் சங்கத்தில் உறுப்பினர், அதுவும் அடைப்பு. மீதமிருந்த ஒரு டிரம் மாவை வீட்டுக்குள் தூக்கிப்போய் இட்லிப் பானையை ஏற்றினாள் அருள்மேரி. நாலு ஈடு வெந்ததும் பந்தலுக்குக் கொண்டுபோய் வைத்தாள். உண்ணாமல் உட்கார்ந்திருக்கிறோம் என்று முதலில் முறுக்கிக்கொண்டார்கள். பூண்டு சட்னி மூக்கில் ஏறியதும் முதல் தட்டை எடுத்தது தலைவர்தான். நாலாவது இட்லியில் முனிவேல் நிமிர்ந்து, உங்க மேல கோவப்பட்டது தப்புங்கக்கா என்று எல்லார் முன்னாலும் சொன்னார். அவள் அவர் தட்டில் இன்னும் இரண்டு வைத்தாள்.

தெரு திரும்பக் கிடைத்துவிட்டது. அந்த நிம்மதியோடு டிரம்களைக் கழுவிக்கொண்டிருந்தபோதுதான் திருமலை வந்தார். திறப்பு விழாவுக்குக் கட்டிய பட்டுக்கரை வேட்டி, நெற்றியில் குங்குமம். அவள் ஸ்டூலை எடுத்துப் போட்டாள். அவர் உட்கார்ந்து மூடின ஷட்டரைப் பார்த்தார், ஈரத் தரையைப் பார்த்தார்.

இருபது பெண்கள் வந்திருந்தார்கள், திறப்பு விழாவுக்கு இல்லை, கதவுக்கு நன்றி சொல்ல வந்தார்களாம், யாரோ மாவு அக்கா அனுப்பினதாகச் சொன்னார்கள் என்றார். தமிழில்தான் சொன்னார். அருள்மேரி மூச்சு விட்டாள். பிறகு அவர் சட்டைப் பையிலிருந்து நாலாக மடித்த தாளை எடுத்து முழங்கால் மேல் வைத்து நீவினார். அடுத்த பதினொரு மாதத்துக்கான ஒப்பந்தம். தேதி மே ஒன்று என்று போட்டிருந்தது.

"எழுதி ரெடியாத்தான் இருந்துச்சு," என்றார். "கொண்டாந்து குடுக்கத்தான் மனசு வரல. நீ கையெழுத்து போட்டது எனக்கு வலிச்சுது மேரி. இன்னிக்கித்தான் முனிவேலு வந்து நீ அடிச்ச எடத்தக் காமிச்சான். செல்லுல போட்டோ வச்சிருந்தான்."

மன்னிச்சிருங்கண்ணா என்றாள் அவள். அவர் கையை ஆட்டி அதைத் தள்ளினார்.

"ஒண்ணு மட்டும் தெரிஞ்சுக்கோ. அந்த ரெண்டு வார்த்தைய அடிக்காமலே கையெழுத்து போட்டிருந்தாலும் உன்னக் கடைய காலி பண்ணச் சொல்லிருக்க மாட்டேன்."

"தெரியுங்கண்ணா," என்றாள் அருள்மேரி. "அதனாலதான் அடிச்சேன்."